கையெழுத்துக்குப் பொட்டு

1

சைகோனில் சரசுவதி பூசைக்கு விடுமுறை கிடையாது. அன்றைக்கும் வெள்ளைக் கால்சட்டையை மாட்டிக்கொண்டு, கழுத்துப் பட்டியை இறுக்கிக்கொண்டு, துறைமுகத்தை ஒட்டிய அலுவலகத்துக்குப் போய், வந்த மூட்டை எத்தனை, போன மூட்டை எத்தனை என்று பிரெஞ்சில் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வீடு திரும்ப வேண்டும். பேனாவைப் பூசையில் வைத்திருக்கிறேன், இன்றைக்கு எழுத மாட்டேன் என்று எங்கள் துரையிடம் சொன்னால், அவர் தன் பேனாவை எடுத்துக் கொடுப்பார். நல்ல மனிதர்.

அதனால் எங்கள் வீட்டில் பூசை விடிந்ததும் முடிந்துவிடும். என் மனைவி தனம் ஒரு பலகையைக் கழுவிக் கோலம் போட்டு, இருக்கிற புத்தகங்களை அதன்மேல் அடுக்குவாள். என்னுடைய பிரெஞ்சு அகராதி, ஒரு பஞ்சாங்கம், கல்யாணமாகி வில்லியனூரிலிருந்து வந்தபோது அவள் பெட்டியில் இருந்த பாட்டுப் புத்தகம். இவ்வளவுதான் எங்கள் கலைமகள். அகராதியின் அட்டையில் வருஷா வருஷம் வைத்த சந்தனமும் குங்குமமும் ஒன்றின்மேல் ஒன்று காய்ந்து, அது என்ன புத்தகம் என்றே வெளியே தெரியாது.

இந்த வருஷம் அடுக்கி முடித்துவிட்டுத் தனம் கேட்டாள்.

"ஏங்க, புள்ளயோட புஸ்தகம் ஒண்ணுகூடவா இந்த வூட்ல இல்ல?"

"எல்லாம் பாகூர்ல அக்கா வூட்லதான் இருக்குது. உனக்குத் தெரியாதா?"

"தெரியும். சும்மா கேட்டேன்."

சும்மா கேட்கிறவள் முகம் அப்படி இருக்காது. நான் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு அலுவலகத்துக்குக் கிளம்பினேன். அன்றைக்கு மூட்டைக் கணக்கைத் தப்பும் தவறுமாக எழுதினேன். துரை ஒன்றும் சொல்லவில்லை. இந்த வருஷம் அவர் யாரையும் ஒன்றும் சொல்வதில்லை, அவருக்கும் பிரான்சில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்கு எங்கள் பிள்ளையின் புத்தகங்கள் ஏன் பாகூரில் இருக்கின்றன என்று சொல்ல வேண்டும். சொல்வதானால் ஓர் ஆட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

2

எங்கள் ஒரே மகன் நடராசன் சைகோனில் பிறந்தவன். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். நானும் தனமும் தமிழில் கேட்டால் அவன் பிரெஞ்சில் பதில் சொல்வான். தமிழில் சொல்லு என்று நான் அதட்டினால் பேசாமல் இருப்பான். பேசாமல் இருப்பதற்கு எந்தப் பாஷையும் வேண்டாம் என்பதை எங்கள் வீட்டில் அவன்தான் முதலில் கண்டுபிடித்தான்.

பிரான்சிலிருந்து பிள்ளைகளுக்காக ஒரு வாரப் பத்திரிகை கப்பலில் வரும். முழுக்கப் படம். கட்டம் கட்டமாகப் படம் போட்டுக் கதை ஓடும், பேசுகிற ஆளின் வாயிலிருந்து ஒரு முட்டை கிளம்பி அதற்குள் பேச்சு எழுதியிருக்கும். வருஷக் கடைசியில் ஒரு கதையை மட்டும் சேர்த்துக் கெட்டி அட்டை போட்டுப் பெரிய புத்தகமாக விற்பார்கள். அதில் ஒரு கதை, ஒரு கப்பல் சமையல்காரனும் அவன் வளர்க்கிற ஆடும். ஆடு மாலுமித் தொப்பி போட்டிருக்கும். கப்பல் எந்தத் துறைக்குப் போனாலும் ஆடு எதையாவது தின்றுவிட்டு வம்பை விலைக்கு வாங்கும். நானே இரண்டொரு தடவை மறைவாகச் சிரித்திருக்கிறேன்.

நடராசன் அந்தப் படம் போடுகிறவருக்குக் கடிதம் எழுதினான். புத்தகத்தையே பொட்டலம் கட்டிப் பாரிசுக்கு அனுப்பிவைத்தான். வராது என்று நான் சொன்னேன். பல மாதம் கழித்து வந்தது. முதல் வெற்றுத்தாளில் அவர் இவன் பெயரைச் சொல்லி வாழ்த்து எழுதி, கையெழுத்துப் போட்டு, அதற்குப் பக்கத்தில் மசியால் அந்த ஆட்டையும் வரைந்திருந்தார். ஆடு எங்கள் பையனைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கிச் சலாம் வைத்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு அவன் என்னிடம் ஓடி வந்து, "அப்பா, பாரு! பாரு!" என்றான். தமிழில் சொன்னான். அதனாலேயே எனக்கு அந்த ஆட்டின்மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது.

பிறகு வேறு சிலருக்கும் எழுதினான், வேறு புத்தகங்களும் கையெழுத்தோடு வந்தன. என்றாலும் ஆட்டுக்குத்தான் முதலிடம். கூடத்தில் ஒரு பலகை அடித்து, புத்தகத்தைக் கையெழுத்துப் பக்கம் தெரியும்படி விரித்து நிறுத்தி, வெயில் படாமல் திரை கட்டி வைத்தான். ஊரிலிருந்து வருகிற கடிதங்கள் எங்கள் கட்டிலுக்கடியில் பிஸ்கோத்துத் தகரத்தில் கிடக்கும், ஆடு கூடத்தில் அரசாளும். வருகிறவர்கள் எல்லாம் அதை விசாரித்துவிட்டுத்தான் என்னை விசாரிப்பார்கள்.

ஒருநாள் அந்தப் படக்காரர் இறந்துபோனார் என்று பத்திரிகையில் வந்தது. பையன் அன்று சாப்பிடவில்லை. முன்பின் பாராத ஒரு மனிதருக்காக அவன் அழுததைப் பார்த்தபோது எனக்கு எரிச்சலாக வந்தது. என் அப்பா பாகூரில் தவறிய செய்தி வந்த அன்று இவன் பந்து விளையாடப் போனான். அப்பாவை இவன் பார்த்ததில்லை, அவர் இவனுக்கு எதையும் எழுதி அனுப்பியதில்லை, அவர் கைநாட்டு. யாரைக் குற்றம் சொல்வது?

சைகோன் மழை உங்களுக்குத் தெரியாது. அது வெளியே மட்டும் பெய்வதில்லை. செருப்பில் பூஞ்சணம் பூக்கும், இடுப்புப் பட்டையில் பூக்கும். ஆட்டின் புத்தகத்து ஓரத்திலும் பூக்கத் தொடங்கியது. தாளைத் துளைக்கிற ராமபாணப் பூச்சி வேறு. கற்பூரம் வைத்தான், வேப்பிலை வைத்தான், மெல்லிய தாளில் சுற்றினான். ஒன்றும் நிற்கவில்லை. அப்போதுதான் நான் சொன்னேன்:

"பாகூர்ல அத்தே வூட்ல வெச்சிடலாம். அங்க இந்த ஈரம் கிடையாது."

ஈரம் ஒரு காரணம்தான். உள்ளே வேறொன்று இருந்தது. இவன் என்றைக்காவது பிரான்சுக்குப் போவான், போனவர்கள் வருவதில்லை, அதை நான் நிறையப் பார்த்தாயிற்று. மண்ணுக்காகவோ மனிதருக்காகவோ இவன் பாகூருக்கு வரப்போவதில்லை. ஆட்டுக்காகவாவது வருவான் என்று கணக்குப் போட்டேன். பிள்ளையைக் கட்டிப்போட முடியாத தகப்பன் ஆட்டைக் கொண்டுபோய்ப் பாகூரில் கட்டிப்போட்டேன்.

3

எனக்கு நீண்ட விடுப்புக் கிடைத்தபோது மூவரும் கப்பலேறினோம். கடலில் ஒன்றும் ஆகவில்லை. தொல்லையெல்லாம் புதுச்சேரியில் இறங்கிப் பாகூருக்கு வண்டி கட்டின பிறகுதான். உங்களுக்கே தெரியும், அந்த வழியில் போகிறவன் கால் நீட்டி உட்காருவதற்குள் பிரெஞ்சுக்காரன் மண் முடிந்து இங்கிலீஷ்காரன் மண் வந்துவிடும், மறுபடியும் பிரெஞ்சுக்காரன் மண். நடுவில் சுங்கச் சாவடி. சாவடிக்காரர் பெட்டியைத் திறக்கச் சொன்னார்.

பட்டும் சாராயமும் தேடினவருக்கு ஆடு அகப்பட்டது. தொப்பி போட்ட ஆடு ஒரு பருத்த அதிகாரியின் காற்சட்டையைத் தின்றுகொண்டிருக்கிற பக்கம்.

"இது யாரு?" என்றார்.

"ஆடுங்க."

"ஆடுன்னு தெரியுது. யாரச் சொல்றான்?"

"யாரையும் சொல்லலீங்க. பசங்க படிக்கிற கத."

அவர் நம்பவில்லை. விரலை நாக்கில் தொட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டப் போனார். நடராசன் வண்டிக்குள்ளிருந்து பிரெஞ்சில் கத்தினான். அந்த விரலை எடுக்கச் சொல்லுங்கள் என்பதுதான் பொருள், ஆனால் அதைச் சொன்ன விதத்தில் ஓர் இராணுவமே இருந்தது. சாவடிக்காரர் இன்னும் சந்தேகப்பட்டுக் கையெழுத்துப் பக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டார்.

"இது மட்டும் கையால எழுதியிருக்குது. எந்தத் தொழிற்சங்கத்துக்காரன் கையெழுத்து?"

படம் வரைந்தவர் கையெழுத்து என்றேன். வரைந்தவர் எதற்குக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். பையனிடம் கேட்டேன். "அவர் இருந்தார் என்பதற்காக" என்று பிரெஞ்சில் சொன்னான். இதை எப்படிச் சாவடியில் மொழிபெயர்ப்பது? "அடையாளத்துக்குங்க" என்றேன். வெயில் ஏறும்வரை உட்கார வைத்துவிட்டு, கடைசியில் வண்டிக்காரன் முணுமுணுப்பு தாங்காமல் விட்டார்.

பாகூரில் என் அக்கா அலமேலுவும் மாமாவும் இருந்தார்கள். பெண்களைக் கட்டிக் கொடுத்தாயிற்று. மாமா நெல்லிலும் கரும்பிலும் காலை நுழைந்தால் மாலைதான் வெளியே வருவார். அக்கா புத்தகங்களைப் பார்த்தாள். ஒவ்வொரு பக்கமாக, படிக்காமலே, கதையைத் தொடர்ந்துகொண்டு போனாள்.

"வாயிலேர்ந்து இன்னாடா ஊதிக்கினே இருக்கறான்?"

"அது பேச்சு அக்கா. பேசறத எழுதியிருக்கான்."

"ஆடும் ஊதுது?"

"ஆடும் பேசும்."

"பேசட்டும், பேசட்டும்" என்று பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டாள்.

தச்சரைக் கூப்பிட்டு ஓர் அலமாரி செய்தோம். முன்பக்கம் கண்ணாடி. வீட்டில் வெல்லம் இருப்பதால் எறும்பு ஏறும் என்று நான்கு காலுக்கும் தண்ணீர்க் கிண்ணம் வைத்தோம். நடு வீட்டில், நெற்குதிருக்கு எதிரில், ஆடு சலாம் வைத்தபடி நின்றது. நடராசன் அத்தைக்குச் சட்டம் சொன்னான். அவன் பிரெஞ்சில் சொல்ல நான் தமிழில் சொன்னேன். வெயில் படக் கூடாது. மாதத்துக்கு ஒருமுறை காற்றாட வைக்க வேண்டும். எண்ணெய் விளக்கைக் கிட்டே கொண்டுபோகக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, கையெழுத்தின்மேல் கை படவே கூடாது. அந்த மனிதர் இனி இன்னொன்று எழுத மாட்டார்.

"எம் புள்ளய எப்பிடிப் பாத்துப்பனோ அப்பிடிப் பாத்துக்கறேன்னு சொல்லுடா" என்றாள் அக்கா.

அதை நான் அவனுக்கு அப்படியே சொன்னேன். அவன் நம்பினான்.

4

பிறகு சைகோனுக்கு வந்த செய்திகளில் ஆட்டுக்கும் ஓர் இடம் கிடைத்தது. அக்கா யாரையாவது பிடித்து எழுதச் சொல்வாள்: மழை நன்றாகப் பெய்து ஏரி நிரம்பியது, சிவப்பு மாடு கன்று போட்டது, கரும்பு சுமார், ஆடு சௌக்கியம். தனம் ஒருநாள், "இந்த ஆடு சௌக்கியத்த மட்டும் எழுதுறாங்க, அவங்க மூட்டுவலி இன்னா ஆச்சுன்னு எழுதல பாருங்க" என்று நொந்துகொண்டாள்.

நடராசன் பிரான்சில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்துப் புறப்பட்டான். போகிற வழியில் பாகூருக்குப் போய் ஆட்டைப் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்றான். என் கணக்குப் பலித்துவிட்டது என்று எனக்கு உச்சி குளிர்ந்தது. நானும் விடுப்பெடுத்துக்கொண்டு கூடப் போனேன்.

அக்கா வாசலிலேயே நின்றாள். பனித்திட்டிலிருந்து மீன் கொண்டுவருகிற அஞ்சலையும் கூடையை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்க்க நின்றாள். பையன் கால் கழுவிக்கொண்டு நேரே அலமாரிக்குப் போனான். அக்கா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு கண்ணாடிக் கதவைத் திறந்துவிட்டாள். அவள் முகத்தில் இருந்த பெருமையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

புத்தகத்தில் ஒரு பூச்சி இல்லை. ஓரத்தில் ஒரு மடிப்பு இல்லை. ஆனால் அந்த முதல் பக்கத்தில், ஆட்டின் நெற்றியில் ஒரு பொட்டு. பக்கத்தில் கையெழுத்தின்மேல் வரிசையாகச் சந்தனம், அதன்மேல் குங்குமம். ஒரு வருஷத்து வேலை அல்ல. வைத்து, காய்ந்து, மறுவருஷம் அதன்மேலேயே வைத்து. சந்தனத்தின் எண்ணெய் இறங்கித் தாள் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. மசி நீலமாகக் கசிந்து குங்குமத்தோடு கலந்து, அந்த மனிதரின் பெயரில் முதலெழுத்தும் கடைசி வாலும் மட்டும் மீதி.

"வருசா வருசம் சரசொதி பூசைக்கு மொதப் பொட்டு இதுக்குத்தான்" என்றாள் அக்கா. "மத்தவங்க அட்டையில வெப்பாங்க. அட்டையில இன்னா இருக்குது? அந்த ஆளு கை பட்ட எடம் இதுதானே? அதான் இங்கியே வெச்சேன். நீ சொன்னது நெனப்பு இருக்குது ராசா. கை படவே இல்ல. குளிச்சிட்டு, வெத்தலக் காம்பால எடுத்து வெச்சேன்."

அத்தனை சட்டம் சொன்னோமே, பொட்டு வைக்காதே என்று ஒரு சட்டம் சொல்ல எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. எங்கள் வீட்டு அகராதியில் பொட்டைப் பார்த்து வளர்ந்தவன்தான் அவன். வருஷா வருஷம் பூசை வைக்கிற எனக்கும் இது பையனின் ஆடாகப் பட்டதே தவிரப் பூசைப் புத்தகமாகப் படவில்லை.

நான் நடராசன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிரெஞ்சில் என்ன சொன்னாலும் அதை அக்காவுக்குத் தமிழாக்க வேண்டியவன் நான். நடுவில் நிற்கிறவனுக்கு இரண்டு பக்கமும் அடி. கடைசியில் அவன் தமிழிலேயே பேசினான். வீணாகிவிட்டது என்று சொல்ல வந்தான் என்று நினைக்கிறேன். அந்தச் சொல் அவனுக்குக் கிடைக்கவில்லை.

"அத்தே, இது செத்துப் போச்சு" என்றான்.

"ஐயையோ, யாருடா செத்தது?" என்று அக்கா மார்பில் கை வைத்துக்கொண்டாள்.

நான் முந்திக்கொண்டேன். "இத வரைஞ்சவரு அக்கா. அப்பவே செத்துட்டாரு. சொன்னமே."

"இன்னொண்ணு எழுத மாட்டாருன்னுதானே சொன்னே. கை முடியலயோன்னு நெனச்சேன்." அவள் முந்தானையால் அலமாரிக் கண்ணாடியை ஒரு தடவை துடைத்தாள். பிறகு ஆறுதலாக, "அப்ப பொட்டு வெச்சது சரிதான். நல்ல மனுசன். பாரு, ஆளு போயிட்டாரு, கையெழுத்து நம்ம வூட்ல நிக்குது" என்றாள். அஞ்சலையும் தலையாட்டிவிட்டு, "எங்கியோ பொறந்தவருக்கு இங்க பொட்டு கெடைக்குது பாரேன்" என்று கூடையைத் தூக்கிக்கொண்டாள்.

அப்போது நடராசன் சிரித்தான். கசப்பாக அல்ல, நிஜமாகவே சிரித்தான். குனிந்து அத்தையின் தோளில் கை போட்டு, "நல்லா வெச்சீங்க அத்தே" என்றான். பிறகு என் பக்கம் திரும்பிப் பிரெஞ்சில், "இருக்கட்டும் அப்பா. இனி இது அவர்களுடையது. நான் எடுத்துப் போக வேண்டியது ஒன்றும் இல்லை" என்றான்.

கோபித்துக்கொள்வான், கத்துவான் என்று பயந்துகொண்டு நின்றவன் நான். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கோபம் இருக்கிற இடத்தில் பாத்தியதை இருக்கிறது. அவன் சிரித்த சிரிப்பில் நான் பாகூரில் கட்டிப்போட்ட கயிறு அறுந்தது. அந்தச் சத்தம் எனக்கு மட்டும் கேட்டது.

5

அவன் புறப்பட்ட அன்று வண்டி வாசலில் நிற்கிறது, மாமா மாட்டைத் தட்டிக்கொண்டிருக்கிறார். அக்கா அலமாரியைத் திறந்து அந்தப் புத்தகத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள்.

"ராசா, நீயும் தொலவட்டு போற. ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போ. இதுலியே போடு, ஆட்டுக்குக் கீழ."

அவன் என் பேனாவை வாங்கினான். தயங்கவே இல்லை, சந்தோஷமாகவே போட்டான். பள்ளிக்கூடத்தில் பழகின கையெழுத்து, ஒரே இழுப்பு. அக்கா தூரப் பிடித்துப் பார்த்தாள்.

"இன்னாடா தம்பி எழுதியிருக்கான்?"

பிரெஞ்சுக்காரன் பதிவில் எல்லோருக்கும் ஒரு குடும்பப் பெயர் வேண்டும். நமக்கு ஏது? தகப்பன் பெயரைப் பிள்ளைக்குக் குடும்பப் பெயராக எழுதிவிடுவார்கள். அப்படி என் பெயர் அவனுக்குப் போயிற்று. நடராசன் என்பது ஓர் எழுத்து, ஒரு புள்ளி, அதற்குப் பிறகு நீளமாகக் கோவிந்தசாமி.

"எம் பேரத்தான் எழுதியிருக்கான்" என்றேன்.

"நீ இங்கதானே நிக்கற, உம் பேரு எதுக்கு?" என்று அவள் அதிசயப்பட்டாள். பிறகு முதலெழுத்தை ஒட்டியிருந்த புள்ளியைக் கண்டுபிடித்தாள். "இதோ பாரு, அவனே ஒரு பொட்டு வெச்சிருக்கான்!"

எல்லோரும் சிரித்தோம். வண்டி கிளம்பிற்று. நான் அவனைப் புதுச்சேரிக் கடற்கரையில் பிரான்சுக் கப்பலுக்குப் படகேற்றிவிட்டு, என் கப்பலுக்குக் காத்திருந்து சைகோன் வந்து சேர்ந்தேன்.

6

போன வருஷம் யுத்தம் வந்தது. இந்த வருஷம் கோடையில் ஜெர்மன்காரன் பாரிசுக்குள் நுழைந்துவிட்டான். நடராசனின் கடைசிக் கார்டு அதற்குக் கொஞ்சம் முன்னால் எழுதியது. படிப்பை நிறுத்திவிட்டார்கள், தன் வயதுப் பையன்கள் எல்லாம் பட்டாளத்தில் பேர் கொடுக்கிறார்கள், தானும் கொடுக்கப் போவதாக எழுதியிருந்தான். தனத்துக்கு அதைப் படித்துக் காட்டும்போது அந்த வரியை விட்டுவிட்டேன். அவள் கார்டை வாங்கி, எழுத்துத் தெரியாத பாஷையில் விரல் வைத்துக்கொண்டே வந்து, சரியாக அந்த வரியில் நிறுத்தி, "இது இன்னா?" என்றாள்.

அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

நான் இங்கே ஏறாத அலுவலகப் படி இல்லை. ஒரு சன்னலில் கேட்டால் அடுத்த சன்னல். அங்கே போனால் சாப்பாட்டு வேளை. ஒரு குமாஸ்தா பெயர் கேட்டார். கோவிந்தசாமி என்றேன். உள்ளே போய் நெடுநேரம் தேடிவிட்டு முகம் மலர வந்தார்.

"கண்டுபிடித்துவிட்டேன். கோவிந்தசாமி, புதுச்சேரிக்காரர், துறைமுக எழுத்தர். சைகோனில்தான் இருக்கிறார்."

"அது நான் ஐயா. நான் கேட்பது என் மகனை."

"அவர் பெயர்?"

"கோவிந்தசாமி."

இன்னொரு தடவை முழுப் பெயரையும் எழுதிக் கொடுத்தேன். சில வாரம் கழித்து முத்திரை போட்டு ஒரு தாள் வந்தது. விசாரிக்கப்பட்ட கோவிந்தசாமி என்பவர் உயிருடனும் நலமுடனும் உத்தியோகத்தில் இருக்கிறார் என்று அதில் கண்டிருந்தது. கீழே என் வீட்டு விலாசம்.

தனம் கேட்டாள்: "இன்னா எழுதியிருக்காங்க?"

"நான் நல்லாருக்கேனாம்."

அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் அந்த முத்திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். இப்படிக் கையாலாகாதவனாக நான் என் ஆயுளில் இருந்ததில்லை.

7

பூசைக்குச் சில வாரம் முன்னால், சிங்கப்பூர் வழியாக வந்த கடைசிக் கப்பலில் வில்லியனூர்க்காரர் ஒருவர் வந்து சேர்ந்தார். தனத்துக்கு ஒன்றுவிட்ட அண்ணன் முறை. அவர் புறப்படுமுன் பாகூருக்குப் போய் அக்காவைப் பார்த்திருக்கிறார். கொடுத்துவிட்ட மாவடுவை வைத்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டே தயங்கினார்.

"மச்சான், ஒங்க அக்கா ஒண்ணு கேட்டு வரச் சொன்னாங்க. அப்பிடியே சொல்றேன், தப்பா நெனக்காதீங்க."

போன வருஷப் பூசைக்கு அக்கா வழக்கப்படி படக்காரர் கையெழுத்துக்கும் பொட்டு வைத்து, அதற்குக் கீழே பையன் கையெழுத்துக்கும் வைத்திருக்கிறாள். ஒரே பக்கம், ஒன்றுக்கு வைத்து ஒன்றை எப்படி விடுவது? இப்போது பையனிடமிருந்து தகவல் இல்லை என்று தெரிந்ததும் அஞ்சலை ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள். "காலமானவங்க படத்துக்குத்தானேக்கா பொட்டு வெப்பாங்க. அந்த மனுசன் செத்தவரு, செரி. உசிரோட இருக்கற புள்ள கையெழுத்துல வெக்கலாமா?" அவ்வளவுதான். அக்கா அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லையாம்.

வில்லியனூர்க்காரர் அக்காவின் குரலிலேயே சொன்னார்: "'வெச்சா புள்ளைக்கு ஆகாதோன்னு இருக்குது. வெக்காம வுட்டா சரசொதி கோவிச்சுக்குனு அதுவும் அவன் தலையிலதான் விடியுமோன்னு இருக்குது. தம்பிதான் படிச்சவன். வெக்கட்டுமா வேணாமா? அவன் சொல்றபடி செய்றேன்.'"

நான் படித்தவன். பிரெஞ்சில் படித்தவன், தமிழில் படித்தவன். வை என்று சொல்ல என் நாக்கு எழவில்லை. வைக்காதே என்று சொன்னால், ஏதோ ஒன்றை நானே நம்பத் தொடங்கிவிட்டேன் என்றாகிவிடும். எழுதிப் போடுகிறேன் என்று சொல்லி அவரை அனுப்பினேன். அந்த வாரமே யுத்தத்தால் கப்பல் நின்றது. தபால் எடுக்க மாட்டோம் என்றார்கள். பூசையும் வந்து போய்விட்டது. அக்கா என்ன செய்தாள் என்று எனக்குத் தெரியாது.

அந்தப் பூசை நாளன்று, தப்பும் தவறுமாக எழுதின மூட்டைக் கணக்குத் தாளின் அடியில் வழக்கம்போல் என் கையெழுத்தைப் போட்டேன். போட்டுவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அத்தனை வாரம் தேடின பதில் அங்கே என் கையாலேயே எழுதியிருந்தது. ஆனால் அனுப்ப வழியில்லை. ஆகையால் இதை உங்களுக்கு எழுதுகிறேன். என்றைக்காவது கப்பல் ஓடும், என்றைக்காவது இது அச்சாகி உங்கள் கைக்கு வரும், பூசை வருஷா வருஷம் வரும்.

பாகூர்ப் பக்கம் இதைப் படிக்கிறவர்களில் பிரெஞ்சு எழுத்துத் தெரிந்தவர் யாராவது இருந்தால் என் அக்கா அலமேலு வீட்டுக்கு ஒரு நடை போய் வாருங்கள். நான் அனுப்பியதாகச் சொல்லி அலமாரியைத் திறக்கச் சொல்லுங்கள். குளித்துவிட்டு வந்தீர்களா என்று கேட்பாள், ஆமாம் என்று சொல்லிவிடுங்கள். ஆட்டுக்குக் கீழே இருக்கிற கையெழுத்தில், இடது பக்கம் ஓர் எழுத்து மட்டும் தனியாக நிற்கும். அதை அவளுக்குக் காட்டுங்கள். அதுதான் பிள்ளை, அதன்மேல் ஒன்றும் வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். புள்ளிக்கு வலது பக்கம் நீளமாக இருப்பதெல்லாம் நான். அதன்மேல் எவ்வளவு வேண்டுமானாலும் வைக்கட்டும்.